முப்பத்தெட்டு மண்டை ஓடுகள்

நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மைக்கேல்ராஜ் சார் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொண்டுவந்திருந்தார். முப்பது வருடம் மிஷன் பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் எடுத்தவர். எனக்கும் பத்தாம் வகுப்பில் எடுத்தார். பிள்ளைகள் தப்பான இடத்தில் எழுதிவிடும் என்கிற பயம் ஓய்வு பெற்ற பிறகும் அவரை விட்டுப் போகவில்லை.

"ஒரே ஒரு கையெழுத்தும்மா ஷாஹீதா. என் பையன் ஜெய்சனோட வாழ்க்கையே இதுலதான் இருக்கு" என்றார்.

கடிதத்தைப் படித்தேன். 'ராணுவ வீரர் ஜெய்சன் எங்கள் கடையில் சாதாரண மண்டை ஓடு படம் மட்டுமே கேட்டிருந்தார். ஆட்சேபத்துக்குரிய வடிவமும் இரட்டை மின்னல் குறியும் எங்கள் கடை கம்ப்யூட்டரில் இருந்து, எங்கள் தவறால், அவருக்குத் தெரியாமல் சேர்க்கப்பட்டவை. இப்படிக்கு, ஷாஹீதா பானு, உரிமையாளர்.' கீழே கடை முகவரி, காளவாசல், மதுரை, என் செல் நம்பர் வரைக்கும் டைப் அடித்திருந்தது. ஒரு பொய்யை இவ்வளவு சுத்தமாக டைப் அடித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் சார். வாயைத் திறந்தால் ஏதாவது வந்துவிடும் என்று நூல் கோன்களை எடுத்து அடுக்கினேன். ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

நான் முதலிலேயே சொன்னேன். இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்வது என்றுதான் தெரியவில்லை.

எங்களுடையது கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை. பள்ளிக்கூட பேட்ஜ், போலீஸ்காரர்களின் பெயர்ப்பட்டை, செக்யூரிட்டி கம்பெனிகளின் தோள்பட்டைச் சின்னம், மாதா கோயில் கொடி, சந்தனக்கூட்டுக்குப் போர்த்துகிற துணி, எது வந்தாலும் தைப்போம். நான் டிசைனைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். என் வீட்டுக்காரர் பரீத் ஆர்டர் பிடிப்பார், கொண்டுபோய்க் கொடுப்பார். பாண்டிச்செல்வி பிசிறு நூல் வெட்டி, ஓரம் அடிப்பாள். இந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. கொடுத்ததை அப்படியே தைக்க வேண்டும். ஒரு தையல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஏட்டய்யாவின் சட்டையில் ஒரு பட்டையைக் கூட்டித் தைத்துப் பாருங்கள், என்ன நடக்கும் என்று தெரியும்.

ஜெய்சன் சித்திரைத் திருவிழாவுக்கு லீவில் வந்தபோது கடைக்கு வந்தான். ராணுவத்தில் சேர்ந்து ஆறு வருடமாகிறது. வடக்கே எங்கேயோ முகாம். போனில் ஒரு படத்தைக் காட்டினான். மண்டை ஓடு, குறுக்கே எலும்பு, பக்கத்தில் இரட்டை மின்னல்.

"அக்கா, எங்க பிளட்டூனுக்கு முப்பத்தெட்டு பேட்ச் வேணும். பின்னாடி வெல்க்ரோ வச்சு. ஒட்டுவோம், எடுத்துருவோம். யூனிஃபார்ம்ல கெடையாது, பேக்ல, ஜாக்கெட்டுல. எங்க கோஷ்டிக்குன்னு ஒரு அடையாளம், அம்புட்டுதேன்."

"ஆபீசருக்குத் தெரியுமாடா?"

"அவருக்கும் ஒண்ணு சேத்துத்தான்க்கா முப்பத்தெட்டு."

படம் மங்கலாக இருந்தது. மங்கலான படத்தை வைத்துக்கொண்டு டிசைன் ஏற்ற முடியாது. அதனால் தெளிவான படம் கிடைக்குமா என்று நெட்டில் போட்டுத் தேடினேன். கிடைத்தது. கூடவே அது யாருடைய சின்னம் என்பதும் கிடைத்தது. ஹிட்லரின் ஆட்கள் தொப்பியில் அந்த மண்டை ஓட்டையும் காலரில் அந்த மின்னலையும் குத்திக்கொண்டுதான் முகாம்களில் லட்சம் லட்சமாக மனிதர்களை அடைத்துக் கொன்றிருக்கிறார்கள். ஒரு படத்தில், அந்தச் சின்னத்தைப் போட்ட ஒருவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்குப் பின்னால் கிழிந்த துணியோடு சின்னப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். அன்றைக்கு மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜெய்சனைக் கூப்பிட்டுச் சொன்னேன். படத்தையும் காட்டினேன்.

"தெரியும்க்கா" என்றான். "ஹிட்லர் ஆளுங்கதான. அதேன் கெத்தே. நம்ம ஊர்ல எவனுக்குக்கா இது தெரியப்போகுது? கரண்ட்டு கம்பத்துலகூடத்தான் மண்டை ஓடு இருக்கு."

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று விட்டுவிட்டேன். விட்டதோடு நிறுத்தியிருக்கலாம். தைத்தும் கொடுத்தேன்.

அதற்கு நடுவில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். இந்தச் சின்னம் எப்பேர்ப்பட்டது என்று நான் தொண்டை வற்றக் கத்தியதற்கு அசையாதவர்கள், நூலின் நிறத்துக்கு ஆறு நாள் சண்டை போட்டார்கள். பிளட்டூனில் முக்கால்வாசிப் பேர் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துப் பையன்கள். அவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப். நான் முதலில் மஞ்சள் மண்டை ஓட்டுக்குச் சிவப்பு ஓரம் போட்டு மாதிரி அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் ஜெய்சன் போன்.

"அக்கா, மஞ்சள் சிவப்பு வேணாம்க்கா. ஒரு ஆளுங்க கொடி மாதிரி இருக்குன்னு முத்துப்பாண்டி சண்டைக்கு வாரான்."

சரி என்று பச்சையும் சிவப்பும் போட்டேன். அது முத்துப்பாண்டிக்கு ஆகாத இன்னொரு ஆளுங்களின் கொடியாம். நீலமும் சிவப்பும் போட்டால் அதற்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். கருப்பு சிவப்பு கட்சி. காவி போட்டால் அரசியல் என்பான். வெறும் பச்சை போடட்டுமா என்று கேட்டேன்.

"பச்சைன்னா… அக்கா, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க…" என்று இழுத்தான்.

"நான் எதுக்குடா தப்பா எடுக்கப் போறேன்? வானவில்லுலயே உங்களுக்கு ஆகுற கலர் ஒண்ணுகூட இல்லையேன்னுதான் பாக்குறேன்" என்றேன்.

பாண்டிச்செல்வி கத்தரிக்கோலை வைத்துவிட்டு, "அக்கா, பேசாம வேட்டித்துணியில வெள்ளை நூலை வச்சுத் தச்சுக் குடுத்துருங்க, ஒருத்தன் கண்ணுக்கும் தெரியாது" என்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் கட்டுகிற கயிற்று நிறத்துக்கே மண்டை உடைகிற சீமை இது. அதனால் அவர்கள் பயத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த பயத்தில் காலே அரைக்கால் பங்கு அந்த மண்டை ஓட்டின் மேல் இருந்திருக்கக்கூடாதா என்பதுதான் என் எரிச்சல்.

ஆறாவது நாள் அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். எந்தச் சாதிக்கும் எந்தக் கட்சிக்கும் எந்த மதத்துக்கும் சேராத நிறமாக, கருப்புத் துணியில் வெள்ளி நூல். எல்லாருக்கும் சம்மதம். குரூப்பில் கைதட்டல் படங்களாக வந்து விழுந்ததாம். நான் கம்ப்யூட்டரில் நிறத்தை மாற்றிப் பார்த்தேன். அசலில் ஹிட்லர் ஆட்கள் போட்டிருந்த அதே கருப்பு, அதே வெள்ளி. சாதிச் சண்டை வராமல் பார்த்துப் பார்த்து, நேராகப் போய் அங்கே சேர்ந்திருந்தார்கள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. மறுபடியும் போன் செய்து சொன்னேன். "சூப்பர்க்கா, ஒரிஜினல் மாதிரியே வரட்டும்" என்றான்.

முப்பத்தெட்டும் ஒரே நாளில் தைத்து முடித்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. பல் வரிசைகூட ஒன்றுபோல விழுந்திருந்தது.

ஆகஸ்டில் ஒரு வெளிநாட்டு ராணுவம் வந்து, இவர்களோடு சேர்ந்து பயிற்சி எடுத்தது. கடைசி நாளில் எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்திருக்கிறார்கள். நம் பையன்கள் வரிசையாக அந்த பேட்சை ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். வந்தவர்களில் ஓர் அதிகாரியின் பாட்டனார் குடும்பமே அந்த முகாம்களில் செத்ததாம். அவர் அந்த இடத்திலேயே வரிசையை விட்டு விலகிப் போய்விட்டார். போட்டோ மட்டும் நெட்டில் ஊர் சுற்றியது. விசாரணை வைத்துவிட்டார்கள். ஆர்டர் கொடுத்தது யார் என்று கேட்டதும் முப்பத்தேழு விரலும் ஜெய்சனைக் காட்டியிருக்கின்றன. அவன் பெயர் ஐ.நா. அமைதிப் படைக்குப் போகிற பட்டியலில் இருந்தது. விசாரணையில் தப்பு இவன் மேல் என்று வந்தால் அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள். பதவி உயர்வும் போய்விடும்.

அதற்குத்தான் சார் கடிதத்தோடு வந்திருந்தார்.

"சார், நீங்க எங்களுக்கு இந்தப் பாடம் எடுத்திருக்கீங்க" என்றேன். "ஹிட்லரின் எழுச்சிக்கான காரணங்கள். அஞ்சு மார்க் கேள்வி."

"அது போர்ஷன்ம்மா. புஸ்தகத்துல மண்டை ஓடெல்லாம் ஏது? எனக்கே இந்த போட்டோ வந்த பின்னாடிதான் தெரியும். எனக்கே தெரியாதது அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். முழுசாக நம்பிக்கொண்டிருந்தார். ஜெய்சன் அவரிடம் எதுவுமே சொல்லவில்லை. "தெரியும்க்கா" என்று அவன் சொன்னதை அந்த மனிதரிடம் நான் எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் எப்படி இருப்பேன்? யா அல்லாஹ், இதில் என்னை ஏன் கொண்டுவந்து மாட்டினாய் என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பரீத், பரவையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு பேட்ஜ் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். சார் அவரிடமும் ஒப்பித்தார். என் வீட்டுக்காரருக்கு இளகின மனசு.

"சார் கடை தேடி வந்து கேக்குறாரு. ஒரு கடுதாசிதானே, போட்டுவிடேன் ஷாஹீதா."

"முழுசாப் படிச்சுட்டுச் சொல்லுங்க" என்று கடிதத்தை நீட்டினேன்.

படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவர் கண் அங்கேயே நின்றது. என் பெயரை முதல் தடவை பார்ப்பவர் மாதிரி பார்த்தார். பிறகு பேசாமல் போய் வாசல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார். மணி மாலை ஐந்துகூட ஆகவில்லை.

"என்னப்பா?" என்றார் சார்.

"சார்" என்றார் பரீத். கடிதத்தை என்னிடமே திருப்பி நீட்டினார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஷாஹீதா பானுன்னு ஒரு பொம்பளை, ராணுவ வீரர்களுக்கே தெரியாம அவங்க நெஞ்சுல கொலைகாரன் சின்னத்தைத் தச்சுவிட்டான்னு நானே எழுதிக் குடுக்கணும். அட்ரஸோட. செல் நம்பரோட. இது அந்த ஆபீஸ் ஃபைலுக்குள்ளயே இருக்கும்னு நீங்க நம்புறீங்களா சார்? அந்த போட்டோ ஃபைலுக்குள்ளயா இருந்துச்சு? எவனாவது ஒருத்தன் இதைப் போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்புல விட்டா நாங்க எங்க போவோம்? என் பொண்ணு சுஃபியா காலேஜுக்குப் போக வேணாமா?"

"யாரும்மா அப்படியெல்லாம் நினைக்கப் போறாங்க? நீ ரொம்ப யோசிக்கிறே."

"உங்க பையனும் இதையேதான் சார் சொன்னான். எவனுக்குத் தெரியப்போகுதுன்னு."

சாருக்கு முகம் சுருங்கியது. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். என் நிக்காஹுக்கு வந்து கடைசிப் பந்திவரை இருந்து பரிமாறிவிட்டுப் போனவர். மகனுக்காக எதையும் கொடுக்கத் தயாராக இருந்தார். கொடுப்பது தன்னுடையதா அடுத்தவருடையதா என்று மட்டும் பார்க்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதை டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"அப்போ என் பையன் வீணாப் போகட்டுங்கிறியா?" என்றார். குரலில் கோபமும் கெஞ்சலும் கலந்து வந்தன. "அவன் ஏமாந்துட்டான்ம்மா. தெரியாம செஞ்சுட்டான். தெரியாம செஞ்சவனுக்கு இம்புட்டு தண்டனையா?"

"அவனைக் கூப்பிடுங்க சார்" என்றேன். "நான் ஒண்ணு கேக்கணும்."

வீடியோவில் கூப்பிட்டார். ஜெய்சன் எடுத்தான். பின்னால் இரும்புக் கட்டில்களும், கொடியில் காயும் பனியன்களும் தெரிந்தன. கன்னம் ஒட்டிப் போயிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான்.

"அக்கா, சைன் போட்டுட்டீங்களா? உங்க பேரு பிரச்சினைன்னா கடைப் பேரு மட்டும் போடுங்கக்கா, போதும்."

"ஜெய்சா, நான் உன்கிட்ட அந்தப் படத்தைக் காட்டுனேன்ல? வரிசையில பிள்ளைக நிக்கிற படம். அப்ப நீ என்ன சொன்னே? அப்பாகிட்ட நீயே சொல்லு."

லைன் போய்விட்டதோ என்று சார் போனைத் தட்டினார். லைன் போகவில்லை. திரையில் அவன் கண் மட்டும் அங்கும் இங்கும் அலைந்தது.

"என்னடா?" என்றார் சார்.

"தெரியும்னு சொன்னேன்ப்பா."

"என்ன தெரியும்?"

"அது யாரு சின்னம்னு தெரியும். அக்கா ரெண்டு தடவை சொன்னாங்க."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாண்டிச்செல்வி எழுந்துபோய் அதை நிறுத்தினாள். சார் ஸ்டூலில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"தெரிஞ்சு எதுக்குடா போட்டே?"

"எல்லா கோஷ்டிக்கும் ஒண்ணு இருக்குப்பா. புலி, பாம்பு, தேளுன்னு. எங்களுக்கு அதைவிடப் பெருசா வேணும்னு பசங்க கேட்டாய்ங்க. பார்த்தவுடனே பயப்படணும்ல."

"யாருடா பயப்படணும்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எதிரியா? எதிரி எங்கடா பார்த்தான்? அந்தச் சின்னத்தைப் பார்த்து ஒரு பெரிய மனுசன் வரிசையை விட்டே விலகிப் போனாரு. இங்க இந்தப் பிள்ளை பட்டப்பகல்ல ஷட்டரை இறக்கிக்கிட்டு உக்காந்திருக்கு. இவங்களைப் பயமுறுத்தத்தானாடா உன்னை நான் ராணுவத்துக்கு அனுப்புனேன்? அமைதிப் படைக்குப் போறேன்னு உங்கம்மா சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கா."

"அப்பா, சாரிப்பா…"

"என்கிட்ட சொல்லாதே."

சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். எனக்குள் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த மனிதரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை நூல் கோன் ஒன்றில் சாய்த்து நிறுத்தினார்.

"பேப்பர் பேனா எடு" என்றார்.

"எதுக்குப்பா?"

"எடுடா. நான் சொல்றேன், நீ எழுது."

அவன் எடுத்து வந்து கட்டிலில் உட்கார்ந்தான். சார் சொல்ல ஆரம்பித்தார். வகுப்பில் நோட்ஸ் கொடுக்கிற அதே நிதானம். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, எழுதி முடித்துவிட்டானா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார். "சின்னத்தின் அர்த்தம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஆர்டர் கொடுத்தேன். என்னை யாரும் ஏமாற்றவில்லை."

"அப்பா, இதைக் குடுத்தா லிஸ்ட்ல பேரு போயிரும்ப்பா."

சார் வாயைத் திறந்தார். போகட்டும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. "எழுது" என்று மட்டும் சொன்னார்.

அவன் எழுதினான்.

"கடைக்காரர் இரண்டு முறை எச்சரித்தார்" என்றார் அடுத்ததாக.

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை. எழுதுவது உண்மைதான். நல்ல பெயரோடு நான் வெளியே வந்துவிடலாம். ஆனால் அந்தப் பிள்ளைகள் வரிசையில் நின்ற படத்தைப் பார்த்துவிட்டு, சோறு இறங்காமல் இருந்துவிட்டு, மறு வாரம் அதே கையால் வெள்ளி நூலைக் கோத்தது நான்தான். சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஆறு மாதமாகத் திரிகிறேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நான் முதலிலேயே சொன்னேன் என்று கத்துவதும் அதற்குத்தான்.

"எச்சரிச்சாங்க, அதுக்கப்புறம் தச்சும் குடுத்தாங்கன்னு எழுதச் சொல்லுங்க சார்" என்றேன்.

பரீத் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். சாரும் பார்த்தார்.

"அப்படின்னா உன் பேரும் வருமேம்மா. அதுக்குத்தானே பயந்தே?"

"இப்பவும் பயமாத்தான் சார் இருக்கு. செஞ்சதுக்கு வரட்டும். செய்யாததுக்குத்தான் மாட்டேன்னேன்."

போனுக்குள் ஜெய்சன் பேனாவைப் பிடித்தபடியே இருந்தான். கண் கலங்கியிருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, "அக்கா, உங்க இனிஷியல் என்னக்கா?" என்று கேட்டான்.

சொன்னேன்.